ஜவ்வரிசியில் அரிசி எங்கே?



பாயசத்தில் கண்ணாடி முத்து மாதிரி கிடக்கும் ஜவ்வரிசி எதில் விளைகிறது? எங்கள் வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் "நெல்லு மாதிரி ஏதோ" என்கிறார்கள். கச்சிராயபாளையத்தைச் சுற்றி இவ்வளவு மரவள்ளிக் காடு இருந்தும் இப்படி!

ஜவ்வரிசி ஆலையை நம் ஊரில் சேகோ பேக்டரி என்கிறோம். 'சேகோ' ஆங்கிலத்தில் பிறந்த சொல் அல்ல, மலாய் மொழியின் 'சாகு'. மடகாஸ்கர் முதல் ஹவாய் வரை பரவிய ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தில் மலாயும் ஒன்று. அங்கே சாகு என்றால் ஒருவகைப் பனை மரத்தின் உள்சோற்றில் எடுக்கும் மாவு. மரத்துக்கு 'ரும்பியா' என்று வேறு பெயரும் உண்டு. அதன் ஓலையால் கூரை வேய்வார்கள். பூக்கும் முன்பே மரத்தை வெட்டி, சோற்றைச் சுரண்டி, தண்ணீரில் அலசி மாவைத் தெளிய வைப்பார்கள். இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் அதைப் பசை போலக் கிண்டி மீன் குழம்போடு சாப்பிடுவார்கள். நமக்குக் களி மாதிரி!

அந்த மாவை உருட்டிய மணி கப்பலில் இங்கே வந்தது. 'ஜாவா அரிசி'தான் ஜவ்வரிசி என்பார் சிலர். சவ்வு மாதிரி இருப்பதால் சவ்வரிசி என்பாரும் உண்டு. சாகு அரிசிதான் அப்படி மாறியது என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. ஏனென்றால் தெலுங்கில் அது 'சக்குபிய்யம்', பிய்யம் என்றால் அரிசி. கன்னடத்தில் 'சப்பக்கி', அக்கியும் அரிசியே. மணியாக இருந்தால் நம்மவர்களுக்கு எல்லாம் அரிசிதான் போல!

இரண்டாம் உலகப் போரில், 1942-ல், மலேயாவும் ஜாவாவும் ஜப்பான் கையில் போனதும் சரக்கு நின்றது. 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவை உருட்டி ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். பனை போய்க் கிழங்கு வந்தது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மரவள்ளி பிறந்த தென் அமெரிக்காவிலேயே இந்தக் கதைதான். பிரேசிலில் மரவள்ளி ஜவ்வரிசியைத் திராட்சைச் சாற்றில் வேக வைத்து 'சகு' என்கிறார்கள்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எங்கள் வீட்டில் குச்சி நட்டு, களை வெட்டி, பத்து மாதம் காத்திருந்து கிழங்கு பிடுங்குகிறோம். லோடு போனால் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை. பாயிண்ட் குறைந்தால் பொங்கல் துணியே யோசனை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்தப் பெயரில் ஊர் இருக்கிறது, அரிசி இருக்கிறது. கிழங்கு எங்கே?

கல்வராயன் மலையிலிருந்து வரும் தோழிகளே, உங்கள் ஊரில் மரவள்ளிக்கு வேறு பெயர் இருந்தால் எழுதித் தாருங்கள், அடுத்த இதழில் போடலாம்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி