சல்லடையும் நீர்ப்போர்வையும்



அரிசியையும் குருணையையும் பிரிக்க நம் வீடுகளில் சல்லடை உண்டு. நீரில் கரைந்த சோடியத்தையும் துத்தநாகத்தையும் பிரிக்கவும் ஒரு சல்லடை உண்டோ? உண்டு, அதுவே நுண்துளைச் சவ்வு.

போலாரத்துக்கு இது வெறும் ஏட்டுக்கல்வி அன்று. பட்டன்சேரு-போலாரம் தொழிற்பகுதியின் கழிவுநீர் நக்கவாகு ஓடை வழியே மஞ்சீரா ஆற்றை அடைந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் குறித்த கடும் மாசுற்ற 43 இடங்களில் இப்பகுதியும் ஒன்று.

ஆலைக் கழிவில் சாதாரண உப்பு மிகுதியாகவும், நஞ்சாகும் உலோகம் சிறிதளவாகவும் இருப்பதுண்டு. 1960ஐ ஒட்டி லோப், சௌரிராஜன் என்னும் இருவர் கலிபோர்னியாவில் உருவாக்கிய சவ்வு, உப்புக்கள் அனைத்தையுமே தடுத்தது. அவ்வாறு யாவற்றையும் தடுக்க மிகுந்த அழுத்தம் வேண்டும். உப்பைப் போகவிட்டு உலோகத்தை மட்டும் நிறுத்தினால் செலவு குறையும் அன்றோ?

இங்கேதான் ஒரு வியப்பு. சோடிய அயனியின் ஆரம் ஏறத்தாழ 0.10 நானோமீட்டர், துத்தநாக அயனியின் ஆரம் 0.07 தான். அப்படியானால் துத்தநாகமன்றோ எளிதில் நழுவ வேண்டும்? நடப்பது நேர்மாறு. துத்தநாகம் இரட்டை மின்னேற்றம் உடையது. ஆதலால் நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இறுக ஈர்த்துக் கொள்கிறது. அந்த நீர்ப்போர்வையோடு அளந்தால் துத்தநாகத்தின் ஆரம் 0.43, சோடியத்தின் ஆரம் 0.36. ஏறக்குறைய 1 நானோமீட்டர் அகலமுள்ள துளைக்குள் போர்வையுடன் நுழைவது துத்தநாகத்துக்கே கடினம்.

ஆயினும் சவ்வின் துளைகள் யாவும் ஓரளவின அல்ல. அளவை மட்டும் நம்பினால் பிரிப்பு அரைகுறையாகும். எனவே துளைச் சுவருக்கு நேர் மின்னேற்றம் ஊட்டுகின்றனர். ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது நாம் அறிந்ததே. இரட்டை மின்னேற்றமுடைய துத்தநாகம் வலுவாக விலக்கப்படுகிறது. ஒற்றை மின்னேற்றமுடைய சோடியம் அதைவிட எளிதில் கடந்து செல்கிறது. ஆகவே இச்சல்லடை உருவத்தை மட்டும் பார்ப்பதில்லை. போர்வையையும் மின்னேற்றத்தையும் சேர்த்தே பார்க்கிறது.

ஒன்றை மறத்தலாகாது. சவ்வு நஞ்சைப் பிரிக்குமேயன்றி அழிக்காது. தடுத்து நிறுத்திய உலோகம், சிறிதளவு நீரில் முன்னிலும் செறிவாக அங்கேயே நிற்கிறது. அதனை மீட்டுப் பயன்படுத்தவோ, பத்திரமாக ஒடுக்கி வைக்கவோ வழி செய்யாமல் மீண்டும் ஓடையில் விட்டால் பிரித்த உழைப்பு வீணே. தெளிந்த நீரைக் காட்டுவோரிடம், தேங்கிய நீர் எங்கே என்று கேட்பதும் விஞ்ஞான மாணவரின் கடமையாகும்.