உலகம் அழிந்த பிறகும் பேட்டா உண்டு

இறைநம்பிக்கையை மையமாக வைத்த பேரழிவுப் படம் ஒன்றில் உதவி இயக்குநராகச் சேரப் போகிறீர்களா? வசனத்தைப் புரட்டுமுன் ப்ராப்பர்ட்டி லிஸ்டைக் கேட்டு வாங்குங்கள். 2010இல் வெளிவந்த 'தி புக் ஆஃப் ஈலை' படத்தில், போர் முடிந்து 30 வருடம் கழித்து ஒருவர் பைபிளைச் சுமந்துகொண்டு மேற்கே நடக்கிறார். அந்த உலகில் காசு கிடையாது. பண்டமாற்றுதான்; சிகரெட் லைட்டருக்கும் ஈரக் கைத்துடைப்பானுக்கும் மதிப்பு அதிகம். தண்ணீருக்கு ஆளைக் கொல்கிறார்கள். பிரசங்கத்தை விட இந்தச் சில்லறைச் சாமான்கள்தான் கதையை நம்ப வைக்கின்றன.

கன்டினியூட்டி பார்ப்பவருக்கு இந்தப் படம் ஒரு பாடப்புத்தகம். பைபிள் பிரெயிலில் இருக்கிறது, நாயகனுக்குப் பார்வையில்லை என்பதெல்லாம் கடைசியில்தான் புலப்படும். (இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும், இத்தனை வருடமாயிற்று.) ஒளிந்திருக்கும் வழிப்பறிக்காரர்களை அவர் வாடையை வைத்தே கண்டுபிடிப்பது போன்ற தடயங்கள் வழியெங்கும் கிடக்கின்றன. படப்பிடிப்போ கதை வரிசையில் நடக்காது. இப்படியொரு ரகசியம் உங்கள் கதையிலும் இருந்தால் தனி நோட்டு போடுங்கள்: இந்தக் காட்சியில் அவர் எதைக் கேட்டார், எதை முகர்ந்தார், எதைத் தடவிப் பார்த்தார்? டைரக்டரே மறந்தாலும் நீங்கள் மறக்கக் கூடாது.

ஸ்டண்ட் பக்கம் போகிறவர்கள் இதே படத்தின் பாலத்தடிச் சண்டையைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். நிழலுருவமாக, வெட்டில்லாமல் ஓடும் ஷாட். சண்டைப் பயிற்சியாளர் ஜெஃப் இமாடாவிடம் பயிற்சி எடுத்து நாயகன் டென்செல் வாஷிங்டனே சண்டை போட்டார். கட் குறைந்தால் ஒத்திகை நாள் கூடும். ஷெட்யூல் போடும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.

லொகேஷன் மேனேஜருக்குக் கணக்கும் தெரிய வேண்டும். இந்தப் படம் எடுக்கப்பட்ட நியூ மெக்சிகோவில் பாலைவனம் மட்டும் இல்லை. உள்ளூர்ச் செலவில் 25 சதவீதத்தை அப்போது மாநில அரசு திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

எல்லாருக்கும் ஹாலிவுட் பட்ஜெட் வாய்க்காது. 1972இல் டொனால்ட் தாம்சன் இயக்கிய 'எ தீஃப் இன் தி நைட்' அயோவாவில் குறைந்த செலவில் எடுத்த படம். தியேட்டரை நம்பாமல் தேவாலயங்களிலும் இளைஞர் கூட்டங்களிலும் ஓடியே பெயர் வாங்கி, அடுத்தடுத்து மூன்று பாகங்களுக்கும் வழிவிட்டது. ஆகவே சின்னக் கம்பெனி கூப்பிட்டால் யார் திரையிடப் போகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். "இறைப்பணிதானே தம்பி" என்று சம்பளத்தைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. முன்பணம், பேட்டா, டைட்டிலில் பெயர் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வண்டி ஏறுங்கள்.