தண்ணீர்தானே என்று நினைக்காதீர்கள்

அந்தமானில் மே முதல் டிசம்பர் வரை மழை. சுவரில் பாசி, படகின் அடியில் கொட்டலசு. இரண்டுக்கும் இப்போது பிரஷர் வாஷர்தான்.

சாதாரண மெஷினே 100 பாருக்கு மேல் பீய்ச்சும். தோலைத் துளைக்க 7 பாரே போதும். பட்ட இடத்தில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் தண்ணீரும் அழுக்கும் தசைவரை இறங்கியிருக்கும். தாமதித்தால் விரலையே எடுக்க நேரலாம். மஞ்சள் தடவிவிட்டு வேலையைத் தொடராதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், நடந்ததைத் தெளிவாகச் சொல்லுங்கள். டிக்லிப்பூர், கார் நிக்கோபார் பக்கம் இருப்பவர்கள் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது; ஸ்ரீ விஜயபுரம் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு அன்றே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

எலி நடமாடும் கொட்டகை என்றால் கண்ணாடி, முகக்கவசம், பூட்ஸ் கட்டாயம். எலிச் சிறுநீர் கலந்த சாரல் கண்ணில் பட்டாலே எலிக்காய்ச்சல் தொற்றலாம். 1988 முதல் டிக்லிப்பூரைக் கலங்கடித்த மர்மக் காய்ச்சல் அதுதான் என்று பின்னர் தெரியவந்தது.

மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத பிளக்கில் மெஷினை மாட்டாதீர்கள். பெட்ரோல் மெஷினை மூடிய அறைக்குள் ஓட்டாதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் மிச்சமிருக்கும். விசையை அழுத்தி அதை வெளியேற்றிவிட்டே நாசிலைக் கழற்றுங்கள்.