மகனுக்கு யார் சொல்வது?

பெண் வயதுக்கு வந்துவிட்டால் தெருவுக்கே தெரிகிறது. மாமன் சீர், மஞ்சள் நீர், புட்டு, உளுந்தங்களி என்று வீடு அமர்க்களப்படுகிறது. அதே வீட்டில் சீர்த் தட்டு தூக்கிக்கொண்டு நிற்கும் அண்ணனிடமோ தம்பியிடமோ யாராவது எதையாவது சொல்கிறோமா? அவன் உடம்பிலும் பெரிய மாற்றம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. குரல் உடைந்தால், ‘ஏண்டா தவளை மாதிரி கத்தறே?’ என்று கேலி செய்வதோடு நம் பாடம் முடிந்துவிடுகிறது.

பையன்களுக்குப் பருவ மாற்றம் பெரும்பாலும் 9 முதல் 14 வயதுக்குள் தொடங்கும். மீசையோ குரலோ முதல் அடையாளம் அல்ல. விரைகள் பெரிதாவதுதான் முதலில். பிறகு ரோமம், உயரம், குரல் எல்லாம். ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு மார்புக் காம்பின் அடியில் சின்னக் கட்டி மாதிரி தட்டுப்பட்டு வலிக்கும். ‘நான் பெண்ணாக மாறுகிறேனோ’ என்று பயந்து, விளையாட்டு வகுப்பில் சட்டையைக் கழற்றவே கூசுவான். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் அது தானே மறைந்துவிடும் என்று சொல்ல ஆள் வேண்டும்.

ஒருநாள் காலையில் எழுந்தால் உடுத்திய துணி ஈரமாக இருக்கும். தூக்கத்தில் விந்து வெளியேறியிருக்கிறது. இதற்கு ‘சொப்பன ஸ்கலிதம்’ என்று பயமுறுத்துகிற பெயர் வைத்து, அதை ஒரு வியாதியாக்கிப் பிழைத்தவர்கள் நம் ஊரில் ஏராளம். மாதத்தில் முதல் செவ்வாய் இந்த ஊர் லாட்ஜ், இரண்டாவது புதன் அந்த ஊர் லாட்ஜ் என்று தேதி போட்டு வந்த விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘இளமையில் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி’ என்று ஆரம்பித்து லேகியத்தில் முடியும். ஆண்மை பெருகும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை. இப்போது செல்போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்பார்கள். சுத்தப் பொய். விந்து ரத்தத்திலிருந்து வடித்து எடுக்கப்படுவதில்லை. உயிரணுக்கள் விரைகளில் தினமும் உற்பத்தியாகின்றன. மீதித் திரவம் விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் சுரக்கிறது. ஒரு தடவை வெளியேறுவது ஒரு டீஸ்பூனுக்கு மேல் இருக்காது. சுய இன்பத்தால் கண் குழி விழாது, எலும்பு உருகாது, பிற்காலத்தில் குழந்தை பிறக்காமலும் போகாது. இளைப்பது விந்து போவதால் அல்ல, போகிறதே என்ற கவலையால்தான். மனநல மருத்துவர் என்.என். விக் 1960-ல் இந்தக் கவலைக்கே ‘தாத்’ நோய் என்று பெயர் வைத்தார். தாத் என்றால் நம் ‘தாது’தான்.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஒரு பக்க விரையில் திடீரென்று கடுமையான வலி வந்தால், அது உள்ளே முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்றுவிடும். வலி ஆரம்பித்து சுமார் 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தாமதிக்கத் தாமதிக்க, விரையையே எடுக்க வேண்டி வரும். பருவ வயதில்தான் இது அதிகம். ஆனால் பையன் என்ன செய்வான்? அம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு ‘வயிறு வலிக்குது’ என்பான். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பாள். உறுப்பின் பெயரை வீட்டில் சாதாரணமாகச் சொல்லப் பழகியிருந்தால் அவன் வாய் திறந்து சொல்லியிருப்பான்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? நேருக்கு நேர் உட்கார வைத்தால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். ஸ்கூட்டரில் போகும்போதோ, துணி மடிக்கும்போதோ போகிற போக்கில் சொல்லலாம்.

“நைட்ல துணி ஈரமாச்சுன்னா பயப்படாதேடா. உன் வயசுல எனக்கும் ஆச்சு. நீயே அலசிப் போட்டுடு, அவ்ளோதான்.”

“சீ, போப்பா!”

“சீ என்ன சீ? இனிமே நீ ஒரு குழந்தைக்கு அப்பாவாக முடியும்னு அர்த்தம். அதைத் தெரிஞ்சுக்க வேண்டாமா?”

பாதிப் பெற்றோர் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்தக் கூடாது. பெண்ணின் கருமுட்டை வெளிவந்த பிறகு ஒரு நாள்தான் உயிரோடிருக்கும். ஆனால் ஆணின் உயிரணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடங்களில் மாதவிலக்கே ஒழுங்காக வராது. அப்புறம் ‘பாதுகாப்பான நாள்’ கணக்கு எங்கே நிற்கும்? ‘ஒரே ஒரு தடவைதானே’ என்பதும் ஒரு கணக்கே அல்ல. ஆணுறை கர்ப்பத்தைத் தடுக்கும், எச்.ஐ.வி. போன்ற தொற்றுகளையும் தடுக்கும் என்று சொல்லித் தாருங்கள். சொன்னால் கெட்டுப்போவான் என்று பயப்பட வேண்டாம். நீங்கள் சொல்லாவிட்டால் கற்றுத்தர செல்போன் தயாராக இருக்கிறது. அதில் வரும் படங்கள் நடிப்பு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

அவள் சும்மா இருந்தாள் என்றால் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம் அல்ல. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாதவரின் சம்மதம் சம்மதமே ஆகாது. காதல் என்றாலும் வழக்கு வழக்குதான். பெண்ணின் அந்தரங்கப் படத்தை வாங்கி நண்பர்களுக்குத் தட்டிவிடுவதும் குற்றம். இதே பாடம் மகளுக்கும் வேண்டும். ‘ஜாக்கிரதையா இரு’ என்று மட்டும் சொன்னால் எதிலிருந்து, எப்படி என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்பா வெளியூரிலோ, இல்லாமலோ இருந்தால் அம்மாவே சொல்லலாம், தப்பே இல்லை. ரொம்பக் கூச்சமாக இருந்தால் நம்பிக்கையான மாமா, சித்தப்பா இருப்பார்கள். இல்லாவிட்டால் குடும்ப டாக்டரிடம் அழைத்துப் போய், “கொஞ்சம் பேசுங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். 14 வயதாகியும் விரைகள் வளர ஆரம்பிக்கவில்லை என்றாலும், 9 வயதுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது என்றாலும், அந்த டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.