மண்ணெண்ணெய் குடித்த ஒஸ்ரினை எழுப்ப வாற பிள்ளைகளுக்கு

ஒஸ்ரின் ஏ40, ஏ55 கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் என்று ஏதாவது ஒன்றைக் கொட்டிலுக்குள் கண்டுபிடித்துவிட்டு, "ஐயா, இது ஓடுமோ?" என்று கேட்டு வாற பொடியள் இப்போது கூடிவிட்டார்கள். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்தப் பழசுகளுக்கும் மவுசு வந்துவிட்டது. சந்தோசம். ஆனால் எல்லாருக்கும் ஒரே அவசரம், இன்றைக்கே எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தின்னவேலியில் பழைய எஞ்சின்களோடு கிழவனானவன் சொல்லுகிறேன், சத்தம் கடைசியில் கேட்டால் போதும். அது எதனால் நின்றது என்பதை முதலில் கண்டுபிடியுங்கோ.

1. காருக்குக் கிட்டப் போக முதல் பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கோ. எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் அதிலுள்ளதோடு ஒத்துப் போக வேண்டும். சண்டையில் இடம்பெயர்ந்த நேரத்தில் புத்தகம் தொலைந்த வாகனங்கள் இங்கே கணக்கில்லை. சொந்தக்காரர் கனடாவில் இருப்பார், அல்லது காலமாகியிருப்பார். அப்படியான காரை முதலில் கராஜுக்குக் கொண்டு போய்ப் பயனில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்து அலுவலை முடித்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட வேண்டும்.

2. பற்றறி பூட்டி ஸ்ராட்டரை அடிக்காதேங்கோ. கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். வருடக்கணக்காய் நின்ற எஞ்சினில் றிங்குகள் துருவேறிச் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும், வால்வுகள் இறுகியிருக்கும். பலவந்தமாய்ச் சுற்றினால் றிங் உடையும், புஷ்றொட் வளையும்.

3. யாழ்ப்பாணத்து எஞ்சினுக்கென்று தனியாக ஒரு நோய் உண்டு. வெளிநாட்டுப் புத்தகத்தில் அதைத் தேடாதேங்கோ. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார், மோட்டார் சைக்கிள், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிள்ளைப்பேறுக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அந்தப் புகை கக்கின கார்கள்தான். ஆனபடியால் அதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. அதற்கு எஞ்சின் என்ன விலை கொடுத்தது என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

பெற்றோல் லேசில் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு அதைவிடக் கூடச் சூடு தேவை. எரியாத பங்கு திரவமாகவே சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கே இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே சம்புக்குள் இறங்கும். ஒயில் தண்ணீர் போல ஐதாகும். அளவுகோலில் பார்த்தால் ஒயில் குறையாமல், சில வேளை கூடியும் இருக்கும். "என்ர கார் ஒயிலே குடிக்காது" என்று பெருமைப்பட்ட ஆட்களும் இருந்தார்கள்! உள்ளே பெயாறிங்குகள் காய்ந்து உரசிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவும் பெற்றோலைவிட மிகக் குறைவு. அதனால் ஏற்றத்திலும் சுமையிலும் எஞ்சின் "டொக் டொக்" என்று தட்டும். ஒவ்வொரு தட்டும் பிஸ்ரன் தலையிலும் றிங் வரம்பிலும் விழுகிற அடி.

1995 ஒக்ரோபர் கடைசியில் ஊரே நாவற்குழிப் பாலத்தால் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ கார்கள் அந்த நிலையிலேயே, மண்ணெண்ணெய் கலந்த ஒயிலோடு, விட்டுப் போகப்பட்டன. இன்றைக்கு நீங்கள் கொட்டிலில் காண்கிறவற்றில் சில அவைதான். சம்பு ஒயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடியுங்கோ. மணந்து பாருங்கோ. தட்டைச் சரித்து மினுக்கம் தெரிகிறதா என்று பாருங்கோ. மினுங்கினால் அது பெயாறிங் உலோகம். பால் நிறமென்றால் தண்ணீர் கலந்திருக்கிறது.

4. இறுகிய எஞ்சினை இளக்கப் பொறுமை வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஊற்றி ஒரு கிழமை விடுங்கோ. பிறகு முன்பக்கத்துக் கைபிடியைப் போட்டு மெதுவாக அசைத்துப் பாருங்கோ. அசையாவிட்டால் இன்னும் ஒரு கிழமை. நீளக் குழாய் போட்டு மிண்ட வேண்டாம்.

5. ஹெட்டைக் கழற்றும்போது நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாய் இளக்குங்கோ. ஹெட் வராவிட்டால் ஸ்கிறூ டிரைவரைச் செருகாதேங்கோ. அந்த ஒரு கீறலால் பிறகு காலம் முழுக்கத் தண்ணீர் ஒழுகும். மரச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கோ. கழற்றிய புஷ்றொட்டுகளை ஒழுங்குப்படி ஒரு மட்டையில் துளை போட்டுக் குத்தி வையுங்கோ. ஒவ்வொன்றும் பழைய இடத்துக்கே போக வேண்டும்.

6. சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கோ. படி தடக்கினால் தேய்வு இருக்கிறது. எவ்வளவு என்று நகம் சொல்லாது, உள்ளளவு மைக்ரோமீற்றர் சொல்லும். மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், குறுக்காகவும் நெடுக்காகவும் அளந்து எழுதுங்கோ. பிறகுதான் போர் அடிக்கிறதா, 10, 20, 30, 40 தௌவில் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எந்தப் பிஸ்ரன் என்ற கதை. பிஸ்ரன் கைக்கு வர முதல் போர் அடிக்கக் கொடுக்காதேங்கோ. கடைசல்காரர் பிஸ்ரனை அளந்துதான் துளையை அளவாக்குவார். கிராங்கும் அப்படித்தான், முதலில் அளவு, பிறகு அரைப்பு, பிறகு அந்த அளவுக்குப் பெயாறிங் ஷெல். "றிங்கை மட்டும் மாற்றி ஓடுவம்" என்று சொல்லுகிற ஆளிடம் எஞ்சினைக் கொடுத்தால் ஆறு மாதத்தில் நீலப் புகையோடு திரும்பி வருவீர்கள்.

7. ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டும் என்று கனவு காணுகிற பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. 1955இல் வந்த எம்ஜிஏ என்ற இரண்டு சீற் காருக்குள் இருந்தது 1489 சீசீ, பி சீரிஸ் எஞ்சின். எங்கட ஏ55 கேம்பிறிட்ஜுக்குள் இருப்பதும் அதே குடும்பம். மைனர் 1000இன் 948 சீசீ எஞ்சினைத்தான் 1958இல் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற்றுக்கும் போட்டார்கள். காபரேற்றர், கம்பிறெசன், காம் வேறு, இரும்பு ஒன்று. அந்தக் கார்களில் பைத்தியம் பிடித்த சனம் இங்கிலாந்தில் இன்னும் இருப்பதால்தான் இந்த எஞ்சின்களுக்கு காஸ்கற்றும் ஷெல்லும் இன்னமும் செய்கிறார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடியும் கிடைக்காவிட்டால் இங்கிலாந்தில் கேளுங்கோ, பகுதி இலக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டு. பழைய ஏ40 வைத்திருப்பவர்களுக்குத்தான் கஷ்டம். அதன் 1200 சீசீ எஞ்சின் பழைய வகை, பொருள் அரிது. இருக்கிறதைப் பழுதாக்காமல் காப்பாற்றுங்கோ.

இவற்றுக்குப் பதிலாக டட்சன் எஞ்சின் தூக்கிப் போடுவது சுலபம் என்று சொல்வார்கள். சுலபம்தான். ஆனால் அது பிறகு வேறு கார்.

8. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் றேடியேற்றருக்கு ஆகாது. பல வருடம் அந்தத் தண்ணீர் ஊற்றிய புளொக்கின் பின்பக்கத்தில், கடைசிச் சிலிண்டரைச் சுற்றி, சுண்ணாம்புப் படிவும் துருவும் கட்டியாய் நிற்கும். சூடு ஏறி காஸ்கற் எரிவது அதனால்தான். கோர் பிளக்குகளைத் தட்டி எடுத்து, கம்பியால் கிண்டி, கழுவுங்கோ. திரும்ப ஊற்றுவது வடித்த தண்ணீரும் கூலன்ற்றும், அல்லது ஆகக் குறைந்தது மாரியில் பிடித்த மழைத் தண்ணீர்.

9. ஹெட் கையில் இருக்கும்போதே எக்ஸோஸ்ற் வால்வுகளுக்குக் கடின சீற் போடுவியுங்கோ. இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்தவை, 2002க்குப் பிறகு இலங்கையில் அது இல்லை.

10. இந்தக் கார்களில் பற்றறியின் பிளஸ் பக்கம்தான் உடம்புக்கு. மாறிப் பூட்டினால் டைனமோவும் றெகுலேற்றரும் போகும்.

11. ஓட வைக்க முதல் நிற்க வையுங்கோ. பிறேக் சிலிண்டருக்குள் கண்ட ஒயிலையும் ஊற்றியிருந்தால் றப்பர் எல்லாம் ஊதிப் போயிருக்கும். மாஸ்ரர் சிலிண்டர், நாலு சில்லுச் சிலிண்டர், குழாய், எல்லாம் புதிது போடுங்கோ. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

12. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஊரெல்லாம் காட்டப் போகாதேங்கோ. முதல் ஐந்நூறு மைலுக்கு 20டபிள்யூ-50 மினரல் ஒயில், மணிக்கு 45 மைலுக்கு மேல் இல்லை, ஒரே வேகத்தில் நீள ஓட்டமும் இல்லை. பருத்தித்துறைக்குப் போய் வரலாம், கிளிநொச்சி பிறகு. ஒயில் அமுக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுங்கோ. ஐந்நூறு மைல் முடிந்ததும் ஹெட் நட்டுகளைத் திரும்ப இறுக்கி, டப்பெற் இடைவெளி பார்த்து, ஒயிலை மாற்றுங்கோ. அந்த வடித்த ஒயிலை ஒரு போத்திலில் கொண்டுவந்து என்னிடம் காட்டுங்கோ. பெயின்ற் என்ன நிறம் என்பதை அதற்குப் பிறகு கதைப்போம்.