பழைய மாணவர் மனை: அறைகளும் அமைப்பும்

படித்துச் சென்றவர் நாற்பதாண்டு கழித்துத் திரும்பி வந்தால் எங்கே அமர்வார்? பழைய மாணவர் மனை கட்ட நினைப்போர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், நண்பர்களே.

மானசகங்கோத்திரியிலுள்ள ஜயலட்சுமி விலாசத்தைப் பாருங்கள். 1905-ல் அரசகுமாரி ஜயலட்சுமம்மண்ணிக்காக எழுந்த மாளிகை. கவிஞர் குவெம்பு துணைவேந்தராயிருந்தபோது பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து, பின்னர் நாட்டுப்புறக் கலைக்கூடமாயிற்று. இரட்டைத் தூண்களும் முக்கோண முகப்பும் கண்ணைக் கவர்கின்றன. ஆயினும் நின்று வியப்பதற்கான மாளிகை வேறு. உட்கார்ந்து பேசுவதற்கான வீடு வேறு. நமக்கு வேண்டுவது வீடு.

மண்டபம் சிறிதாயினும் போதும். ஆண்டுக்கொரு விழாவுக்காகப் பெரிதாக எழுப்பி, மற்ற நாளெல்லாம் பூட்டி வைப்பது வீண். அகன்ற திண்ணைதான் வேண்டும். மைசூரின் மழைக்காற்றும் பிற்பகல் வெயிலும் மேற்கிலிருந்து வருவன; ஆதலின் திண்ணை கிழக்கு நோக்கட்டும். விருந்தினர் அறைகள் தரைத்தளத்திலேயே இருக்கட்டும். மாடிப்படி ஏற முழங்கால் இடங்கொடாத வயதில்தான் பலர் வருகின்றனர்!

யாவற்றினும் முதன்மையானது ஏட்டறை. 1916-ல் தோன்றிய பல்கலைக்கழகம் இது. மகாராஜா கல்லூரியில் பயின்ற ஆர். கே. நாராயணின் பெயரை உலகமே காத்துக்கொள்ளும். உடன் பயின்ற மற்றவர் பெயர்களைப் பதிவேடுகள்தாம் காக்க வேண்டும். ஈரம் ஊறும் மேற்குச் சுவரில் அலமாரியைச் சாய்க்காதீர். எந்தச் சுவராயினும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கரையான் ஏறினால் கண்ணில் படும். ஏட்டறைக் கதவு திண்ணைப் பக்கமே திறக்கட்டும். முதியவர் தம் பெயரைத் தேடிக் கண்டதும், வெளியே இருப்பவரை அழைத்துக் காட்ட வேண்டுமல்லவா?