பழி சுமக்கும் கேஷ்

நம்பிக்கை: எல்எஃப்டிபி போன்ற கமாண்ட் லைன் கோப்புப் பரிமாற்றக் கருவியில் ‘எல்எஸ்’ என்று அடித்தால், சர்வரில் இந்த நொடியில் இருக்கும் கோப்புகள் வரிசையாக வரும். வராவிட்டால் கோளாறு கேஷில்தான். அதை அணைத்துவிட்டால் பட்டியல் பொய் சொல்லாது.

உண்மை: முதல் பாதி தவறென்பது பலருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. தவறான இரண்டாம் பாதி மட்டும் அறிவுரையாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. அலெக்சாண்டர் லுக்யானோவ் 1996இல் எழுதத் தொடங்கிய எல்எஃப்டிபி, சர்வர் ஒருமுறை தந்த பட்டியலை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். கேஷ் என்பது இதுதான். இயல்பான அமைப்பில் அதன் ஆயுள் 60 நிமிடம். அதற்குள் அதே கோப்புறைக்கு மறுபடி ‘எல்எஸ்’ அடித்தால் சர்வரைக் கேட்காமல் கையிலிருப்பதையே காட்டும். அந்த இடைவெளியில் வேறொருவர் அங்கே ஒரு கோப்பைப் போட்டிருந்தால் அது கண்ணில் படாது. கோப்புறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தாலும் படாது. ஆனால் நாமே அதே அமர்வில் ஒரு கோப்பை ஏற்றினாலோ அழித்தாலோ, அந்தக் கோப்புறையின் பழைய பட்டியலைக் கருவி தானாகவே தூக்கி எறிந்துவிடும். ஆக, மறைவது பிறர் செய்த மாற்றம் மட்டுமே. ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சர்வர் சொன்ன பதிலையோ கருவி ஒரு நிமிடத்துக்கு மேல் நம்புவதில்லை. இருப்பதற்கு ஒரு மணி நேரம், இல்லாததற்கு ஒரு நிமிடம்: யோசித்துச் செய்த ஏற்பாடு இது.

இன்றைய இணைய வேகத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டுவிட்டால்தான் என்ன என்பது நியாயமான கேள்வி. விடை, கோப்புகளைப் பரிமாறும் நெறிமுறையான எஃப்டிபியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் 1985இல் ஆர்எஃப்சி 959 என்ற ஆவணத்தில் எழுதி வைத்த நெறிமுறைப்படி, கட்டளைகள் போவது ஓர் இணைப்பில். பட்டியல் வருவது வேறோர் இணைப்பில். ஒவ்வொரு பட்டியலுக்கும் போர்ட் எண்ணைக் கேட்டு வாங்கி, புது இணைப்பைத் திறந்து, பட்டியல் கேட்டு, முடிந்ததற்கான பதிலையும் பெற வேண்டும். குறியாக்கம் சேர்ந்தால் அதற்கான கைகுலுக்கல் வேறு. இணைப்பு எத்தனை அகலமானாலும் தூரம் குறைவதில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்கு ஒருமுறை போய்வரக் குறைந்தது 0.1 நொடி. நான்கைந்து முறை போய்வந்தால் ஒரு கோப்புறைக்கே அரை நொடி ஆகிவிடும். கோப்பின் பெயரை நிறைவு செய்ய டேப் விசையை அழுத்தும்போதும் பட்டியல்தான் வேண்டும் என்பதை நினைத்தால், கேஷை அணைத்தவர் எதை இழக்கிறார் என்பது புரியும். சரி, மாற்றம் நடந்தால் சர்வரே சொல்லிவிடலாமே? எஃப்டிபியில் அதற்கு வழியே கிடையாது. கூகுள் டிரைவ் போன்ற சேவைகளிடம் ‘என்ன மாறியது’ என்று கேட்க முடியும். அதனால் ஆர்குளோன் கருவி அவற்றைக் கணினியின் டிரைவ்போல மவுன்ட் செய்யும்போது நிமிடத்துக்கு ஒருமுறை விசாரித்துக்கொள்கிறது. எஃப்டிபிக்கும் எஸ்எஃப்டிபிக்கும் அந்த வசதி இல்லாததால், அங்கே ஆர்குளோனும் ஐந்து நிமிடக் கெடு என்ற ஊகத்தைத்தான் நம்பியிருக்கிறது.

சர்வரிலிருந்து இப்போதுதான் வந்த பட்டியலும் வந்து சேரும்போதே பழையதுதான். கேஷ் செய்வதெல்லாம் அந்தப் பழமையை நீட்டுவது. எனவே பட்டியல் எவ்வளவு புதியது என்பதைவிட, அதை நம்பி எதைச் செய்யப்போகிறோம் என்பதே முக்கியம். இந்த வேறுபாட்டை எல்எஃப்டிபி நன்றாகவே அறிந்திருக்கிறது. கண்ணால் பார்க்கும் ‘எல்எஸ்’ கேஷைப் பயன்படுத்துகிறது. இரு பக்கத்தையும் ஒப்பிட்டு நகலெடுக்கும் ‘மிரர்’ கட்டளையோ, ‘யூஸ்-கேஷ்’ என்று வெளிப்படையாகச் சொன்னாலொழிய அதைத் தொடுவதில்லை. பழைய பட்டியலை வைத்து ஒத்திசைத்துவிடுமோ என்று பயந்து கேஷை அணைப்பவர்கள், இல்லாத ஆபத்துக்கு விலை கொடுக்கிறார்கள். புதிய பட்டியலைப் பார்க்க வேண்டுமென்றால் ‘ரெல்ஸ்’ என்ற கட்டளை இருக்கிறது. ‘எல்எஸ்’ செய்யும் அதே வேலையைக் கேஷைப் பார்க்காமல் செய்வது அது.

நட்சத்திரக் குறி போட்டுப் பல கோப்புகளை இழுக்கும் ‘எம்கெட்’ என்னாவது என்று மறுக்கலாம். வலுவான மறுப்புதான். பெயர்களை விரிப்பதற்குப் பட்டியலே ஆதாரம் என்பதால், அது பழையதாக இருந்தால் புதிய கோப்பு சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். ஆனால் இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. கேஷ் நினைவகத்தில் மட்டுமே வாழ்வதால், புதிதாகத் தொடங்கும் ஒவ்வோர் ஓட்டமும் வெறுங்கையோடுதான் தொடங்கும். மாட்டிக்கொள்பவர் காலையில் திறந்த அமர்வை மாலைவரை மூடாதவர். அவர் ‘எம்கெட்’டுக்கு முன் ‘கேஷ் ஃப்ளஷ்’ என்று ஒரு வரி அடித்தால் போதும். பலர் கோப்பு போடும் பொதுக் கோப்புறைக்கு 60 நிமிடம் அதிகம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே காலாவதி அளவை ஒரு நிமிடமாகக் குறைத்து அமைப்புக் கோப்பில் எழுதிவிடலாம். அதற்காக முழுவதையும் அணைக்கத் தேவையில்லை.

கேஷை அணைத்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஒருவர் பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பட்டியல் கேட்டால் அதன் பெயர் வந்துவிடும். உள்ளடக்கம் பாதிதான் இருக்கும். அப்போதே இறக்கினால் கிடைப்பது அரைக் கோப்பு. பட்டியல் புத்தம் புதிது, அதில் ஒரு பிழையும் இல்லை, இருந்தும் ஏமாந்தாயிற்று. இதற்கு மருந்து அனுப்புகிறவரிடம்தான் இருக்கிறது. எல்எஃப்டிபியின் ‘யூஸ்-டெம்ப்-ஃபைல்’ அமைப்பை அவர் இயக்கி வைத்தால், கோப்பு முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் ஏறி, முழுவதும் வந்து சேர்ந்த பிறகே தன் சொந்தப் பெயருக்கு மாறும்.